எல்லாருக்கும் பிடிக்காத அகிலாண்டம்

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் தெருவுக்கு டை கட்டிக்கொண்டு யாரும் வந்ததில்லை. அதனால் அந்த இளைஞர் எங்கள் கேட் அருகில் வந்து நின்றதும், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார் யாரோ வழி தவறி வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். நல்ல வெயில். டை முடிச்சுக்குக் கீழே சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

நான் கையில் சட்டியோடு நின்றிருந்தேன். மீன்கார முனியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு எனக்காகச் சங்கரா மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு சரோஜா அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம். அவர்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. ஆனாலும் முனியம்மாவின் பேச்சைக் கேட்பதற்கென்றே தவறாமல் வந்துவிடுவார்.

"மேடம், ஒரு சின்ன சர்வே" என்றார் இளைஞர். "புதன்கிழமை ராத்திரி ரேடியோவில ஒரு தொடர் நாடகம் வருதில்ல, சோப்புக் கம்பெனிக்காரங்க குடுக்கறது? கேக்கறீங்களா?"

"கேக்காம?" என்றார் சரோஜா அக்கா.

"அதுல அகிலாண்டம்னு ஒரு நாத்தனார் வர்றாங்க. அவங்களை உங்களுக்குப் பிடிக்குமா, பிடிக்காதா?"

என் கையிலிருந்த சட்டி கேட் கம்பியில் இடித்துச் சத்தம் போட்டது. சரோஜா அக்கா என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

அகிலாண்டம் நான்தான். அந்தக் கேள்விக்கு எங்கள் தெரு என்ன பதில் சொல்கிறதோ, அதில்தான் என் வேலை இருந்தது. அது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

திரைக்குப் பின்னால்

இந்தப் பத்திரிகையில் முந்தைய வாரங்களில் என் கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தேன். "இவ்வளவு பயந்தவரா நீங்கள், கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இல்லை அம்மா. பஸ்ஸில் என் நிறுத்தம் வந்தால்கூட "இறங்கணும்" என்று சொல்லத் தெரியாது. யாராவது இறங்குகிற இடத்தில் நானும் இறங்கி நடந்து வருவேன். பால்காரர் தண்ணீர் கலந்து ஊற்றினால் வாங்கி வைத்துக்கொள்வேன். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் ஆயிரம் காரணம் சொன்னார்கள். எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை என்பது மட்டுமே எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்படிப்பட்டவள் எப்படி நாடகத்துக்குப் போனாள்?

எங்கள் சபையில் ஒரு கிறிஸ்துமஸ் நாடகம். வழக்கம்போல நான் திரைக்குப் பின்னால், வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கும் வேலையில். சத்திரக்காரர் மனைவியாக நடித்த பெண் மேடைக்குப் போனதும் வாயடைத்து நின்றுவிட்டாள். மரியாளும் யோசேப்பும் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நான் எடுத்துக்கொடுக்கிறேன், எடுத்துக்கொடுக்கிறேன், அவள் காதில் விழவே இல்லை. கடைசியில் நானே சொல்லிவிட்டேன்.

"இடமில்லைன்னா இல்லைதான். நிறைமாசக்காரியைக் கூட்டிக்கிட்டு ஊர் ஊராச் சுத்துற நேரமா இது? முன்னாடியே சொல்லிவிடத் தெரியாது?"

எழுதிக்கொடுத்ததில் முதல் பாதி மட்டும்தான் உண்டு. மீதி எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழுதது.

அன்றைக்கு ஆர்மோனியம் வாசித்தவர் தேவதாஸ் அண்ணன். பட்டணத்தில் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்திலும் வாசிப்பார். மறுநாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "லில்லி, அங்க ஒரு கெட்ட நாத்தனார் தேவைப்படுது" என்றார்.

என் கணவர் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். "அம்மாவைக் கேளு" என்றார். என் மாமியார், நாங்கள் அத்தை என்று கூப்பிடுவோம், நீண்ட நேரம் யோசித்தார்.

"முகம் தெரியாது இல்ல?"

"தெரியாது அத்தை."

"பேரு சொல்லுவாங்களா?"

"வேற பேரு சொல்லச் சொல்லிடலாம்."

"அப்ப போ. சபையில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

பக்கத்து வீடு என்பதால் சரோஜா அக்காவுக்கு மட்டும் தெரிந்துபோயிற்று. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சாக்குத் துணிக்கு நடுவே

சனிக்கிழமை காலையில் மின்சார ரயிலில் போவேன். அந்தக் கூடம் ஒரு பழைய வீட்டின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கச் சாக்குத் துணி அடித்திருப்பார்கள். உள்ளே போனதும் சாக்கு வாசனையும் காபி வாசனையும் சேர்ந்து வரும். கதவைச் சாத்தினால் காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருக்கும்.

வாசலிலேயே வளையலைக் கழற்றிவிட வேண்டும். புது நைலக்ஸ் புடவை கட்டக் கூடாது, சரசரக்கும். வசனத் தாளைப் படித்து முடித்ததும் திருப்பக் கூடாது. அப்படியே கைவிட்டால் கீழே ஜமக்காளத்தில் சத்தமில்லாமல் விழும். நாடகம் முடியும்போது எங்கள் காலைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகத் தாள்கள் கிடக்கும்.

ஒரு மூலையில் ஒரு சட்டத்தில் பொருத்திய சின்ன மரக்கதவு, தாழ்ப்பாளோடு. அதுதான் அகிலாண்டத்தின் வீட்டு வாசல், சமையலறை, பூஜை அறை எல்லாம். முறத்தில் கேழ்வரகைச் சாய்த்தால் மழை.

எல்லாருக்கும் நடுவில் ஒரே மைக். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் தாளில். அதுதான் எனக்கு வசதி. என்னைப் பார்க்கிற கண் இல்லாத இடத்தில் எனக்குக் குரல் இருக்கிறது என்று அங்கேதான் கண்டுபிடித்தேன்.

என் கொடுமைக்கெல்லாம் ஆளான தம்பி மனைவி சுமதியாக நடித்தது வசந்தி என்ற பெண். நிஜத்தில் அவள் போடுகிற போடில் காபி கொண்டுவரும் ஆள் நடுங்குவார். மைக் முன்னால் வந்தால் "அண்ணி, என்னை மன்னிச்சிடுங்க" என்று உருகுவாள். பதிவு முடிந்ததும், "அடிப்பாவி லில்லி, இன்னிக்கு உண்மையாவே அழுதுட்டேன்டி" என்று என் முதுகில் ஒன்று வைப்பாள்.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டு நேரத்தில் அது ஒலிபரப்பாகும். நான் அடுப்படியிலேயே நின்றுகொள்வேன். அத்தை ரேடியோவுக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட பாயில் உட்கார்ந்து கேட்பார். அத்தை ஒரு நாளும் என்னிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் நாடகம் முடிந்ததும் அடுப்படி வாசலுக்கு வந்து நிற்பார்.

"இன்னிக்கு அந்தச் சுமதியைச் சும்மா விட்டுட்டியே."

"தாள்ல அவ்வளவுதான் அத்தை இருந்தது."

"பாலைப் பொங்க விட்டுட்டா. இன்னும் ரெண்டு வார்த்தை கேட்டிருக்க வேணாமா?"

அகிலாண்டம் சோப்பு

இப்போதெல்லாம் எந்தத் தொலைக்காட்சித் தொடர் முதலிடம், எது பின்தங்கிவிட்டது என்று வாராவாரம் எண் போடுகிறார்கள். என் மகள் அதைப் பத்திரிகையில் பார்த்து வாசித்துக் காட்டுவாள். அந்த எண்களைக் கேட்டால், யாரைக் கேட்டார்கள், கேட்கும்போது பக்கத்தில் யார் நின்றார்கள் என்றுதான் எனக்கு யோசனை போகும்.

அந்த நாளில் எங்களுக்கு எண் எதுவும் கிடையாது. ஆனால் ஊர் கேட்கிறது என்று தெரிந்தது. எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடையில் ஒரு சிறுமி காசை நீட்டி, "அகிலாண்டம் சோப்பு ஒண்ணு" என்றாள். அண்ணாச்சியும் மறுபேச்சு இல்லாமல் எடுத்துக் கொடுத்தார். சோப்புக்கு வேறு நல்ல பெயர் ஒன்று உண்டு. கம்பெனிக்காரர்கள் பணம் செலவழித்து நாடகத்தின் முன்னும் பின்னும் அந்தப் பெயரைத்தான் சொன்னார்கள். ஜனங்களுக்கு அது வாயில் நிற்கவில்லை. "நல்லா அழுக்குப் போகுது, அவ வாய் மாதிரி" என்று ஒருவர் சொன்னது பரவிவிட்டது போலிருக்கிறது.

சபையின் மாதர் சங்கக் கூட்டத்தில் நாவடக்கம் பற்றி ஐயர் அம்மா பேசினார். எங்கள் போதகரின் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவோம். "நம்ம எல்லாருக்குள்ளயும் ஒரு அகிலாண்டம் உக்காந்திருக்கா" என்றார். "அவளை வெளியே அனுப்பணும். அமைதியா இருக்கறதுக்கு நம்ம லில்லியைப் பாருங்க."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அத்தை குனிந்து வேதாகமத்தைப் பார்த்தபடி இருந்தார். அவர் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

கேட் அருகே சொன்ன பதில்கள்

இப்போது டை கட்டிய இளைஞரிடம் வருகிறேன்.

முதலில் பதில் சொன்னது முனியம்மா. அவரை யாரும் கேட்கவில்லை.

"இன்னா சார் கேட்டே? புடிக்குமாவா? அந்தப் பொம்பளையையா? அவ நாசமாப் பூடுவா சார்! அந்தச் சுமதிப் பொண்ணை இன்னா பாடு படுத்திகினு கீறா! அவ வூடு எங்க கீதுன்னு மட்டும் சொல்லு, இந்தக் கத்தியோட போறேன்."

சங்கரா மீன் பாதிச் செதிலோடு காற்றில் ஆடியது. நான் ஒரு அடி பின்னால் நகர்ந்தேன்.

"ரெகுலரா கேப்பீங்களாம்மா?"

"எங்கூட்ல ரேடியோப் பொட்டி ஏது? டீக்கடை வாசல்ல குந்திகினு கேப்பேன். ஒரு வாரம் வுட்டதில்ல. மய பேஞ்சாலும் சாக்கைப் போத்திகினு குந்திடுவேன். அவ இன்னா பேசறான்னு கேக்க வேணாம்?"

இளைஞர் "பிடிக்காது" என்பதற்கு நேராக ஒரு கோடு போட்டதைப் பார்த்தேன். மழையையும் சாக்கையும் எழுத அவருக்கு இடம் கொடுத்திருக்கவில்லை.

சரோஜா அக்கா தொண்டையைச் செருமினார். வாசல் நாற்காலியில் அவருடைய மாமனார் செய்தித்தாளை இறக்கிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்கு... சுமதியைத்தான் பிடிக்கும்" என்றார் அக்கா. "அடக்கமான பொண்ணு. அகிலாண்டம் மாதிரிப் பேசறது குடும்பத்துக்கு நல்லது இல்லையே சார்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணாலேயே மன்னிப்புக் கேட்டார். வேறு என்ன சொல்ல முடியும்? நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருக்கும் பெண், மாமனார் முன்னால், முன்பின் தெரியாத ஆளிடம், எனக்குக் கெட்டவளைத்தான் பிடிக்கும் என்று எப்படிச் சொல்லுவாள்?

"நீங்கம்மா?"

பிடிக்கும் என்றால் என்னை நானே மெச்சிக்கொள்வது. எங்கள் வளர்ப்பில் அது வராது.

"அவங்க கொஞ்சம் அதிகமாத்தான் பேசறாங்க" என்றேன்.

அதற்கும் அதே இடத்தில் ஒரு கோடு. அவர் நன்றி சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். நல்ல பிள்ளை. போகும்போது கேட்டை ஞாபகமாகச் சாத்திவிட்டுப் போனார்.

இதே கேள்விதான் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் ராஜகீழ்ப்பாக்கத்திலும். எல்லா வீட்டிலும் யாரோ ஒரு மாமனார் செய்தித்தாளை இறக்கியிருப்பார்.

மேனேஜர்

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை. பதிவு தொடங்குவதற்கு முன்னால் சோப்புக் கம்பெனி மேனேஜர் கூடத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். எங்களுக்கெல்லாம் பிஸ்கட் வாங்கி வந்திருந்தார். கெட்டவர் இல்லை.

"அகிலாண்டத்தைப் பெரும்பாலும் யாருக்குமே பிடிக்கலை" என்றார். "விசாரிச்சுட்டோம். சுமதியை எல்லாருக்கும் பிடிக்குது. ஆனா எங்க சோப்பை சுமதி சோப்புன்னு ஒருத்தரும் கேக்கலை. ஊருக்கே பிடிக்காத பொம்பளை பேரு எங்க சாமானுக்கு வேண்டாம்."

நாடகத்தை எழுதி இயக்கிய வரதன் சார் மெதுவாகச் சொன்னார்: "பிடிக்கலைன்னு சொல்லிட்டேதான் சார் கேக்கறாங்க."

"கேக்கறதுக்கு நல்லதா ஒண்ணு குடுப்போமே. அந்தம்மா திருந்தட்டும். மன்னிப்புக் கேட்டுட்டுக் காசிக்குப் போகட்டும்."

வசந்தி என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். அந்த அறையில் அத்தனை கண்கள் என் மேல் விழுந்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா என்ன நினைக்கறாங்க?" என்று மேனேஜரும் மரியாதையாகக் கேட்டார்.

மனதுக்குள் எத்தனையோ இருந்தது. வாரத்தில் ஒரு நாள், ஒரு கால்மணி நேரம் நான் பயப்படாமல் பேசும் இடம் இது, இதை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம்.

"உங்க இஷ்டம் சார்" என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து அத்தை கோபப்பட்டது அன்றைக்குத்தான்.

"கேட்டாருல்ல? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அகிலாண்டமா இருந்தா சொல்லியிருப்பா அத்தை."

"அவளைத்தான் அனுப்பப் போறாங்களே. இனிமே உனக்கு யார் வந்து சொல்லுவா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அத்தை உள்ளே போய் வெகுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். புடைக்க வேண்டிய அரிசி அன்று வீட்டில் இல்லை. புடைத்து வைத்ததையே மறுபடி புடைத்தார்.

நாலு பிரம்மச்சாரிகள்

அகிலாண்டம் திருந்தினாள். ஒரு வாரம் தலைவலி வந்தது, மறுவாரம் சுமதி தைலம் தேய்த்தாள், அதற்கடுத்த வாரம் அகிலாண்டம் அழுதாள். மன்னிப்புக் கேட்கும் காட்சியில் நான் பேசியது என் சொந்தக் குரலில். வேறு குரல் வரவில்லை. வரதன் சார் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருந்து, "இன்னும் கொஞ்சம் சத்தமா, லில்லி" என்றார். அந்தக் கூடத்தில் என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதே கிடையாது. மரக்கதவைத் திறந்து மூடினார்கள். குதிரை வண்டிக்குத் தேங்காய்ச் சிரட்டையைத் தட்டினார்கள். அகிலாண்டம் காசிக்குப் போய்விட்டாள்.

அதே நேரத்துக்கு இன்னொரு நிலையத்தில் ஒரு சிரிப்பு நாடகம் வந்துகொண்டிருந்தது. திருவல்லிக்கேணி பக்கம் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கும் நாலு பிரம்மச்சாரிகள். யாருக்கும் சமைக்கத் தெரியாது, ஒருவனுக்கும் வேலை நிலைக்காது. அதுவரை அதை யார் கேட்டார்கள் என்று தெரியாது. இப்போது ஊரே கேட்டது.

எங்கள் தெரு எப்போது மாறியது என்று என்னால் சொல்ல முடியும். சரோஜா அக்கா வீட்டில்தான் முதலில் ரேடியோவை அந்த நிலையத்துக்குத் திருகினார்கள். அகிலாண்டம் தைலம் தேய்த்துக்கொண்ட இரவு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குபீரென்று சிரிப்பு வந்தது. மறுநாள் அக்கா என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை.

"பரவாயில்லக்கா" என்றேன். "எங்க வீட்லயும் அவர் அதைத்தான் கேக்கறார்."

உண்மைதான். அகிலாண்டம் திருந்தத் தொடங்கியதும் அத்தை ரேடியோப் பக்கம் வருவதில்லை. என் கணவர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். நான் வந்தால் நிறுத்திவிடுவார். பாவம்.

ஒரு நாள் வரதன் சார் வரச்சொல்லி ஆள் அனுப்பினார். போனேன். கூடத்தில் அவர் மட்டும் இருந்தார். சோப்புக் கம்பெனி எங்கள் தொடரை நிறுத்துகிறது. இனி அந்த நாலு பிரம்மச்சாரிகளுக்குத்தான் அவர்கள் பணம் கொடுக்கப் போகிறார்கள். எழுதும் பொறுப்பும் வரதன் சாருக்கே வந்திருக்கிறது. சொல்லும்போது அவருக்கு என்னைவிடக் கஷ்டமாக இருந்தது.

"அதுல வீட்டுக்கார அம்மா ஒருத்தி வர்றா லில்லி. வாடகை கேக்க. சின்ன வேஷம்தான். உனக்கு இஷ்டம்னா போன் பண்ணு. வேற ஒருத்தரும் கேட்டிருக்காங்க, அதனால நாளைக்கு, வெள்ளிக்கிழமைக்குள்ளயே."

தலையாட்டிவிட்டு வந்தேன். போன் பண்ண மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். நான் அதுவரை யாருக்கும் போன் பண்ணியதே இல்லை.

லேடீஸ் பெட்டி

திரும்பும்போது மாலைக் கூட்டம். லேடீஸ் பெட்டியில் எனக்கு எதிரே ஆபீஸ் போய் வரும் மூன்று பெண்கள். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தார்கள். கிண்டி தாண்டியதும் பேச்சு ரேடியோவுக்கு வந்தது.

"இப்ப யாரு அதைக் கேக்கறா? நாங்க அந்தத் தடிப்பசங்க நாடகத்துக்கு மாறிட்டோம்."

"சுமதி புருஷனுக்குக் காபி குடுக்கறா. அவன் குடிக்கறான். இதையா ஒரு வாரம் கேக்கறது?"

மூன்றாவது பெண் ஜன்னலோரம் இருந்தவர். கண்ணாடி போட்டவர். "அகிலாண்டம் திரும்பி வருவா. அப்ப நான் திருப்பிடுவேன்" என்றார்.

"வர மாட்டாங்க" என்றேன்.

நான்தான் சொன்னேன். முன்பின் தெரியாதவர்கள் பேச்சில் நானாக நுழைந்தது என் வாழ்நாளில் அதுவரை இல்லை.

மூவரும் என்னைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரம்மாவுக்குச் சுர்ரென்று வந்துவிட்டது.

"நீங்க யாரும்மா அதைச் சொல்றதுக்கு? காசிக்குத்தானே போயிருக்கா? வந்தே தீருவா. அவ வரலைன்னா அந்த வீட்ல யாரு பேசுவா?"

அவர்கள் குரோம்பேட்டையில் இறங்கிப் போனார்கள். போகும்போதும் அந்த அம்மாள் என்னை முறைத்துக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை

மறுநாள் வெள்ளிக்கிழமை. அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

"எங்க அத்தை?"

"தபாலாபீசுக்கு. நீ பேசு. நான் வெளியில நிக்கறேன்."

தபால் நிலையத்தில் நல்ல கூட்டம். போன் கவுண்டருக்குப் பக்கத்திலேயே சுவரில் இருந்தது. கூண்டு கிண்டு ஒன்றும் கிடையாது. கவுண்டரில் இருந்த வழுக்கைத் தலைக்காரர் எண்ணைச் சுழற்றி ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி தபால்களில் முத்திரை குத்த ஆரம்பித்தார். டொக், டொக், டொக்.

"வரதன் சார், நான் லில்லி."

"யாரு? கேக்கலை."

"லில்லி."

"கேக்கலைம்மா, லைன் சரியில்லை. யாரு?"

எனக்குப் பின்னால் மணியார்டர் அனுப்ப ஒரு வரிசையே நின்றது. வாசலில் அத்தை. ரிசீவரை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று கால் திரும்பிவிட்டது. சுவரைப் பார்த்து நின்றேன். வெள்ளையடித்த சுவர். அதற்குக் கண் இல்லை.

"என்னப்பா, மாசம் பொறந்து எத்தனை நாளாச்சு?" என்று ஆரம்பித்தேன். "நாலு பேரு மாடியில குதிக்கறீங்க, ஒருத்தன் பையிலயுமா வாடகை இல்லை? சிரிப்புச் சத்தம் மட்டும் தெரு வரைக்கும் கேக்குது! நாளைக்குக் காலையில வாடகை வரலை, மாடிப்படியை எடுத்துட்டுப் போய் விறகாக்கிடுவேன். அப்புறம் எப்படி இறங்கி வர்றீங்கன்னு பாக்கறேன்!"

போனில் வரதன் சாரின் சிரிப்பு. "லில்லி! இது எதையும் நான் எழுதலையே! நாளைக்கு வந்துடு. அந்த வேஷத்தைப் பெருசாக்கறேன். வாராவாரம் வா."

ரிசீவரை வைத்தேன். அப்போதுதான் முத்திரைச் சத்தம் நின்றுபோயிருப்பது தெரிந்தது. மணியார்டர் வரிசை, ஸ்டாம்பு வரிசை, வாசலில் சைக்கிளோடு நின்ற தபால்காரர், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வழுக்கைத் தலைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா... நீங்க அகிலாண்டமா?"

வாசலைப் பார்த்தேன். ஒருத்தருக்கும் தெரியக் கூடாது என்று சொன்ன அத்தை, அங்கே நின்று 'சொல்லேன்' என்பதுபோல் தலையை ஆட்டினார்.

"ஆமாங்க" என்றேன்.

"உங்களைத் திட்டாம என் வீட்டுக்காரி ஒரு நாள் சாப்பிட்டதில்லைம்மா!" என்றார். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "காசியிலேர்ந்து எப்ப வந்தீங்க?" பதிலுக்குக் காத்திராமல் கவுண்டரின் அரைக்கதவைத் திறந்து, தன்னுடைய நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டார்.

எனக்காக அதற்கு முன் யாரும் நாற்காலி எடுத்துப் போட்டதில்லை. எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் உட்கார்ந்தேன்.